விண்ணுக்குச் செல்லாத ராக்கெட்டுகள்

விண்ணை நோக்கி விரைந்து எழும் ராக்கெட்டைக் கண்டு வியவாதார் இலர். அடியில் தீப்பிழம்பு சுடர்விட, இடிமுழக்கம் போன்ற ஓசை நாற்றிசையும் அதிர, அது மேலெழும் காட்சி கண்டவர் உள்ளத்தை விட்டு நீங்காது. ஆனால், அவ்வாறு எழுந்த ராக்கெட்டு பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பவர் சிலரே. மனிதனைச் சந்திரனுக்குக் கொண்டு சென்ற பெரிய ராக்கெட்டுகள் ஒரு முறை பறந்ததும் அழிந்தன. அவற்றின் அடிப்பகுதிகள் கடலில் வீழ்ந்து மூழ்கின. மேற்பகுதிகளுட் சில சந்திரனில் மோதி நொறுங்கின. சில ஞாயிற்றைச் சுற்றும் வழியிற் சென்றுவிட்டன. ஆகவே, இன்று காட்சிக்கூடங்களில் மக்கள் கண்டு மலைக்கும் அவ்வகை ராக்கெட்டுகள் விண்ணுக்குச் சென்று மீண்டவை அல்ல. விண்ணுக்குச் செல்லாமலே மண்ணில் தங்கியவை.

அவற்றுட் சில, பறப்பதற்கென்று செய்யப்பட்டவையே அல்ல. புதிய ராக்கெட்டு ஒன்றை அமைப்போர் அதனை உடனே விண்ணில் ஏவிவிடுவதில்லை. அதே அளவிலும் அதே அமைப்பிலும் முதலில் ஒன்றைச் செய்கின்றனர். அதனைக் குலுக்கியும், அழுத்தியும், குளிர்வித்தும், ஏவுதளத்தில் நிறுத்திப் பார்த்தும் அதன் குறைகளைக் காண்கின்றனர். இவ்வாறு சோதனைக்கென்றே செய்யப்படுவது முன்மாதிரி எனப்படும். குறைகளையெல்லாம் தான் தாங்கிக்கொண்டு, நலன்களைத் தன் பின் வருவனவற்றுக்கு விட்டுச் செல்வது முன்மாதிரியின் இயல்பு. அதன் வேலை முடிந்தபின் அதனை என்ன செய்வது? உடைத்து உருக்கி உலோகமாக்குவதா? பேணிக் காப்பதா? காப்பதாயின், மலைபோன்ற அப்பொருளை எங்கே, எவ்வாறு கொண்டு செல்வது? எளியவை போலத் தோன்றும் இவ்வினாக்கள், விண்வெளித் துறையில் ஈடுபட்ட நாடுகள் பலவற்றைத் திகைக்க வைத்தவை.

அமெரிக்காவின் சாட்டர்ன் 5 என்னும் ராக்கெட்டின் வரலாறு இதற்கு நல்லதொரு சான்றாகும். ஏறத்தாழ 110 மீட்டர் உயரமுள்ள இது மூன்று அடுக்குகளைக் கொண்டது. 1967-ஆம் ஆண்டு முதல் 1973-ஆம் ஆண்டு வரை பதின்மூன்று முறை இது விண்ணிற் பறந்தது. 1969-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் முதன்முதலாக மனிதர் சந்திரனில் இறங்கியது இதன் துணையாலேயே. ஆயின், இவற்றுள் ஒன்றேனும் பறப்பதற்கு முன்பே, பறவாத சாட்டர்ன் ஒன்று பெரும் பணி செய்து முடித்திருந்தது. அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில் நகரில் உள்ள மார்ஷல் விண்வெளிப் பறப்பு மையத்தில், உயர்ந்த கோபுரம் ஒன்றினுள் அதனை நிறுத்தினர். பறக்கும்போது ராக்கெட்டு எவ்வாறு அதிரும், எங்கே வளையும், எங்கே நெளியும் என்று அறிதற்பொருட்டு, 1966, 1967-ஆம் ஆண்டுகளில் அதனைப் பலவாறு அசைத்துப் பார்த்தனர்.

அச்சோதனையில் அரிய உண்மை ஒன்று வெளிப்பட்டது. ராக்கெட்டு எப்பக்கம் திரும்புகிறது என்பதை உணர்ந்து சொல்லும் சுழல்கருவி ஒன்று அதனுள் உண்டு. அக்கருவி பொருத்தப்பட்டிருந்த தட்டு, அதிர்வின்போது எதிர்பார்த்ததைவிட மிகுதியாக நெளிந்தது. தட்டு நெளிந்தால், ராக்கெட்டே திரும்பிவிட்டதாகக் கருவி பொய்யுரைக்கும். அதனை நம்பி ராக்கெட்டு தன் வழியைத் தவறாக மாற்றிக்கொள்ளும். குறையைக் கண்ட பொறியியலார் கருவியின் இடத்தை மாற்றினர். மண்ணை விட்டு ஒரு முறையும் எழாத முன்மாதிரி, விண்ணுக்குச் சென்றவர்களின் உயிரைக் காத்த கதை இது.

இனி, இத்தகைய பொருள்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்வதில் உள்ள இடர்ப்பாட்டைக் காண்போம். சாட்டர்ன் 5-இன் முதல் அடுக்கு மட்டுமே 42 மீட்டர் நீளமும் 10 மீட்டர் குறுக்களவும் உடையது; எரிபொருள் இல்லாத நிலையிலும் ஏறத்தாழ 130 டன் எடையுள்ளது. 10 மீட்டர் என்பது மூன்று மாடி வீட்டின் உயரம். அத்துணைப் பருமன் உள்ள பொருள் இருப்புப்பாதைக் குகைவழிக்குள் நுழையாது. பாலங்களின் கீழே செல்லாது. சாலையோரக் கம்பிகளும் மரங்களும் அதற்கு வழிவிடா. ஆதலால் ஆறும் கடலுமே அதற்குப் பெருவழிகள் ஆயின. நியூ ஆர்லியன்ஸ் நகரில் செய்யப்பட்ட முதல் அடுக்கு, தட்டையான பெரும்படகில் ஏறிச் சென்றது. கலிபோர்னியாவில் செய்யப்பட்ட இரண்டாம் அடுக்கு, கப்பலேறிப் பனாமாக் கால்வாய் வழியாக அட்லாண்டிக் கரையை அடைந்தது. சிறியதாகிய மூன்றாம் அடுக்கைக் கொண்டு செல்வதற்கென்றே, மீன் வயிறு போல் உப்பிய உடலைக் கொண்ட விமானம் ஒன்றை அமைத்தனர். அதன் முகப்பு கதவுபோல் ஒரு பக்கமாகத் திறக்கும். ராக்கெட்டு அதன் வழியே உள்ளே நுழையும்.

நீர்வழியும் எப்போதும் தடையற்றதன்று. சாட்டர்ன் 5-க்கு முன்னோடியாகிய சாட்டர்ன் 1 என்னும் ராக்கெட்டு ஹன்ட்ஸ்வில் நகரில் உருவாயிற்று. அதன் முதற் பறப்புக்காக அதனைப் புளோரிடாவில் உள்ள கேப் கனாவெரலுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. டென்னசி, ஒகையோ, மிசிசிப்பி ஆகிய ஆறுகளின் வழியாகச் சென்று கடலை அடைந்து, அங்கிருந்து புளோரிடாவுக்குச் செல்வது திட்டம். டென்னசி ஆற்றின் குறுக்கே வீலர் அணை உள்ளது. மேல்மட்ட நீரிலிருந்து கீழ்மட்ட நீருக்குப் படகுகளை இறக்குவதற்கு அங்கே சுவரும் கதவும் கொண்ட பெருந்தொட்டி ஒன்று உண்டு. 1961-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் அத்தொட்டியின் சுவர் இடிந்துபோயிற்று. ராக்கெட்டுக்கென்று செய்த படகு அணைக்கு மேற்புறத்தே அகப்பட்டுக்கொண்டது.

பொறியியலார் சோர்ந்துவிடவில்லை. அணை வரையில் அப்படகிலேயே ராக்கெட்டைக் கொண்டு வந்தனர்; கரையில் இறக்கினர்; சக்கரங்கள் பூட்டிய தாங்கியின்மேல் வைத்துச் சாலை வழியே அணையைச் சுற்றி இழுத்துச் சென்றனர்; அணைக்குக் கீழே காத்திருந்த மற்றொரு படகில் ஏற்றினர். கடற்படையிடமிருந்து பெற்று மாற்றியமைத்த அப்படகுக்கு 'இணக்கம்' என்னும் பொருளுடைய பெயரை இட்டிருந்தனர். நிலைமைக்கு இணங்கிப்போவதன்றி வேறு வழியில்லாத அந்நாளில் அப்பெயர் மிகப் பொருத்தமாகவே அமைந்தது. ஆகஸ்டு 5-ஆம் நாள் புறப்பட்ட ராக்கெட்டு 15-ஆம் நாள் கேப் கனாவெரலை அடைந்தது. அக்டோபர் 27-ஆம் நாள் குறையின்றி விண்ணில் எழுந்தது. அதனை ஏவுவதைப் போலவே, ஏவுமிடத்துக்குக் கொண்டு சேர்ப்பதும் ஒரு பெருஞ்செயல் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

சந்திரப் பயணங்கள் முடிவுற்றபின், எஞ்சிய சாட்டர்ன் 5 அடுக்குகளைக் கொண்டு மூன்று இடங்களில் முழு ராக்கெட்டுகளைக் காட்சிக்கு வைத்தனர். சோதனைக் கோபுரத்தில் நின்ற முன்மாதிரி ஹன்ட்ஸ்வில் நகரிலேயே தங்கிற்று. அதனை ஆக்கிய குழுவின் தலைவராகிய வெர்னர் வான் பிரவுன் அங்கு ஓர் அருங்காட்சியகம் அமைவதற்குப் பெரிதும் முயன்றார். மற்றவை புளோரிடாவிலும், டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரிலும் வைக்கப்பட்டன. நிமிர்த்தி நிறுத்தினால் காற்றுக்கு ஆற்றாது என்று, படுக்கை நிலையில் கிடத்தி வைத்தனர். அவற்றுக்கேற்ற நீண்ட கூடம் கட்டப் பொருள் இல்லாமையால், மூன்றும் திறந்த வெளியிலேயே கிடந்தன.

சாட்டர்ன் 5-இன் முதல் அடுக்கு வானில் எரிந்து தன் வேலையை முடிக்கும் நேரம் இரண்டரை நிமிடமே. அவ்வளவு குறுகிய வாழ்வுக்கென்று செய்யப்பட்ட பொருள், ஆண்டுக்கணக்கில் வெயிலையும் மழையையும் எவ்வாறு தாங்கும்? ராக்கெட்டின் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும், அது வேறோர் உலோகத்தைத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் நனையுமாயின், இரண்டுக்கும் இடையே நுண்ணிய மின்னோட்டம் எழும். அது அலுமினியத்தைச் சிறிது சிறிதாக அரித்துவிடும். மின்கலத்தில் துத்தநாகம் கரைவது போன்றதே இதுவும். கடற்காற்றில் உள்ள உப்பு இவ்வரிப்பை இன்னும் விரைவாக்கும். குளிர் காக்கும் பூச்சுகள் நீரை உறிஞ்சி உப்பின, வண்ணம் உரிந்தது, பாசி படர்ந்தது, பறவைகள் உள்ளே கூடு கட்டின. விண்ணை வென்ற அறிவின் சின்னம், கவனிப்பாரற்ற பழம்பொருளாய்த் தேய்ந்து வந்தது.

நல்லவேளையாக, முற்றிலும் அழிவதற்கு முன் அறிஞர்கள் விழித்துக்கொண்டனர். புளோரிடாவில் இருந்தது 1996-ஆம் ஆண்டு புதிய கூடத்தினுள் இடம் பெற்றது. ஹூஸ்டனில் இருந்ததற்குப் பின்னர்க் கூரையும் சுவரும் எழுப்பிப் பழுது நீக்கினர். ஹன்ட்ஸ்வில் முன்மாதிரி 1987-ஆம் ஆண்டு தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது; 2008-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெருங்கூடத்தில் நிழல் பெற்றது. அரித்த பகுதிகளை வெட்டி எடுத்தும், புதிய தகடுகளைப் பொருத்தியும், பழைய வண்ணத்தை ஆராய்ந்து அதே வண்ணத்தைப் பூசியும் கைவல்லார் அவற்றுக்குப் புத்துயிர் அளித்தனர். தொடக்கத்திலேயே ஒரு கூரை இருந்திருப்பின் இத்துணை உழைப்பும் பொருளும் தேவைப்பட்டிரா.

விண்வெளி ஓடங்களின் முன்மாதிரிகளும் இத்தகைய அலைச்சலுக்கு உட்பட்டன. அமெரிக்காவின் 'என்டர்பிரைஸ்' என்பது விண்ணுக்குச் செல்லாத ஓடம். 1977-ஆம் ஆண்டு பெரிய விமானத்தின் முதுகிலிருந்து விடுபட்டுச் சறுக்கி இறங்கி, ஓடங்கள் தரையிறங்கும் முறையை அது மெய்ப்பித்தது. 2012-ஆம் ஆண்டு மீண்டும் விமானத்தின் முதுகில் ஏறி அது நியூயார்க்கு நகரத்தை அடைந்தது. அங்கிருந்து காட்சிக்கூடமாக விளங்கும் பழைய போர்க்கப்பலுக்குப் படகிற் செல்லும்போது, ஒரு பாலத்தின் காப்பு மரத்தில் உரசி அதன் இறக்கை நுனி சிறிது சேதமுற்றது. அதே ஆண்டு அக்டோபரில் வீசிய பெரும்புயலில், மேலே அமைத்திருந்த காற்றடைத்த கூடாரம் சரிந்து, அதன் வாற்புறத்தைச் சிதைத்தது. பழுது நீக்கி அதனை மீண்டும் காட்சிக்கு வைத்தனர்.

சோவியத்து நாட்டின் 'புரான்' ஓடத்துக்கும் ஒரு முன்மாதிரி இருந்தது. நான்கு ஜெட் எஞ்சின்கள் பூட்டிய அது, 1985 முதல் 1988 வரை இருபத்தைந்து முறை வானில் பறந்து சோதனைக்கு உதவிற்று. பிற்காலத்தில் அதனைக் காட்சிப்பொருளாக ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குக் கொண்டு சென்றனர். அங்கிருந்து பாரசீக வளைகுடாவில் உள்ள பஹ்ரைனுக்குச் சென்ற அது, வழக்குகளில் சிக்கி ஆண்டுக்கணக்கில் அங்கே முடங்கிக் கிடந்தது. இறுதியில் செருமனியின் ஸ்பையர் நகரத்து அருங்காட்சியகத்தார் அதனை விலைக்கு வாங்கினர். 2008-ஆம் ஆண்டு அது கடல் கடந்து ராட்டர்டாம் துறைமுகத்தை அடைந்து, ரைன் ஆற்றின் வழியே படகில் மிதந்து வந்தது. திருவிழாத் தேரைக் காணத் திரள்வதுபோல மக்கள் இரு கரைகளிலும் திரண்டு நின்று அதனைக் கண்டனர்.

ஆனால் மெய்யாகவே விண்ணுக்குச் சென்று மீண்ட புரான் ஓடம் அத்தகைய பேறு பெறவில்லை. 1988-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள், ஆள் எவருமின்றித் தானே பறந்து தானே தரையிறங்கிய பெருமை உடையது அது. பைக்கனூரில் ஒரு கொட்டகையில் கிடந்த அதன்மேல், 2002-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் கூரை இடிந்து வீழ்ந்தது. ஓடம் நொறுங்கியது, கூரையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த தொழிலாளர் எண்மரும் உயிரிழந்தனர். ஒரு பொருளைக் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டுவது மட்டுமே காப்பதாகாது. அக்கொட்டகையையும் காக்க வேண்டும் என்பதை அத்துயர நிகழ்ச்சி உணர்த்திற்று.

வேண்டுமென்றே அழிக்கப்பட்டவையும் உண்டு. சந்திரனுக்குச் செல்லச் சோவியத்து நாட்டார் அமைத்த என்1 என்னும் ராக்கெட்டு சாட்டர்ன் 5-க்கு இணையாக உயர்ந்தது. 1969 முதல் 1972 வரை நான்கு முறை அதனை ஏவினர். நான்கு முறையும் தோல்வியே விளைந்தது. திட்டம் கைவிடப்பட்டபோது, எஞ்சியிருந்த ராக்கெட்டுகளை அழித்துவிடுமாறு ஆணை பிறந்தது. அவற்றின் தொட்டிகளிலிருந்து வெட்டிய பகுதிகள் பைக்கனூரில் பொருள் வைக்கும் கொட்டகைகளுக்கும் நிழற்கூரைகளுக்கும் பயன்பட்டன. என்1-இன் திருத்திய வடிவத்துக்கெனப் புதிய எஞ்சின்கள் பல ஆயத்தமாக இருந்தன. அவற்றையும் அழிக்க வேண்டும் என்பதே ஆணை. ஆனால் அவற்றை ஆக்கிய நிக்கொலாய் குஸ்னெத்சோவ் என்னும் அறிஞருக்கு மனம் வரவில்லை. தம் தொழிற்சாலைக் கிடங்கில் அவற்றை வைத்துக் காத்தார்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன. 1990-களில் அமெரிக்கப் பொறியியலார் அக்கிடங்கில் இருந்த எஞ்சின்களைக் கண்டு வியந்தனர். தங்கள் நாட்டில் எவரும் செய்து முடிக்காத உயரிய முறை அவற்றில் கையாளப்பட்டிருந்தது. முப்பதுக்கு மேற்பட்ட எஞ்சின்களை அமெரிக்க நிறுவனம் ஒன்று விலைக்கு வாங்கிற்று. 2013-ஆம் ஆண்டு ஏப்ரலில் அவற்றுள் இரண்டைப் பூட்டிய 'அன்டாரிஸ்' என்னும் ராக்கெட்டு வெற்றியுடன் விண்ணில் எழுந்தது. அழிந்துவிட்டன என்று உலகம் எண்ணியவை, நாற்பது ஆண்டுக்குப்பின் வேலை செய்தன. ஆயினும், 2014-ஆம் ஆண்டு அக்டோபரில் அதே வகை ராக்கெட்டு ஒன்று எழுந்த சில நொடிகளில் வெடித்து வீழ்ந்தது. எஞ்சினுக்குத் திரவ ஆக்சிஜனைச் செலுத்தும் பகுதியில் நேர்ந்த பழுதே காரணம் என்று ஆராய்ச்சி காட்டிற்று. பழம்பொருள் சிறந்த ஆசிரியன் ஆகலாம். எப்போதும் நம்பத்தக்க வேலையாள் ஆகிவிடாது.

அவ்வாறாயின், ஓய்வு பெற்ற முன்மாதிரிகள் யாவற்றையும் காக்க வேண்டுமா? அது இயலுவதும் அன்று, தேவையும் அன்று. டெக்சாஸ் கடற்கரையில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தார் ஸ்டார்ஷிப் ராக்கெட்டுக்காகத் துருப்பிடிக்காத எஃகினால் முன்மாதிரிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தனர். அவற்றுள் ஒன்று 2021-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரம் எழுந்து, பழுதின்றித் தரையில் வந்து நின்றது. ஏறத்தாழ 50 மீட்டர் உயரமுள்ள அம்முன்மாதிரியைச் சில காலம் காட்சிபோல் நிறுத்தி வைத்திருந்து, 2023-ஆம் ஆண்டு வெட்டி அகற்றினர். வெற்றி பெற்ற ஒன்றையும் வெட்டலாமோ என்று பலர் வருந்தினர். ஆனால் அடுத்த முன்மாதிரிக்கு இடம் வேண்டும். கடற்காற்றில் பாதுகாக்கச் செலவு வேண்டும். தொலைவில் உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு செல்வதோ, முன்னர்க் கண்டவாறு பெருமுயற்சி. எஃகு உருகி மீண்டும் எஃகாகும் என்பதும் உண்மை.

எதனைக் காப்பது, எதனைக் கழிப்பது என்று தெளிவதற்கு மற்றொரு நிகழ்ச்சி துணை செய்யும். சாட்டர்ன் 5-இன் முதல் அடுக்கில் ஐந்து பெரிய எஞ்சின்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 680 டன் உந்துவிசை தருவது. அவற்றின் வரைபடங்கள் தொலைந்து போகவில்லை. ஆயினும், அவற்றைச் செய்த தொழிலாளர் பற்றவைப்பின்போது தம் கைத்திறனால் செய்த சிறு மாற்றங்கள் பல தாளில் ஏறவில்லை. அவர்களோடு அவ்வறிவும் மறைந்துவிடும் நிலையில் இருந்தது. மார்ஷல் மையத்தின் இளம் பொறியியலார், பறவாது காக்கப்பட்டிருந்த எஞ்சின் ஒன்றைப் பகுதி பகுதியாகக் கழற்றினர். ஒவ்வோர் உறுப்பையும் அளந்து பதிந்தனர். 2013-ஆம் ஆண்டு ஜனவரியில் அவ்வகை எஞ்சினின் எரிவாயு உண்டாக்கும் பகுதியை மீண்டும் எரியச் செய்து ஆராய்ந்தனர். சந்திரப் பயணம் நிகழ்ந்த காலத்தில் பிறந்திராத அவ்விளைஞர்களுக்கு, தாம் காணாத முதியோரின் கைத்தொழில் நுட்பத்தை அந்த இயந்திரமே கற்றுக்கொடுத்தது.

நூலில் எழுதப்படாத அறிவு பொருளில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பொருளை உடைக்கும்போது அதன் உலோகம் திரும்பக் கிடைக்கிறது. அதில் எழுதியிருந்த அறிவு கிடைப்பதில்லை. ஆகவே, ஒரு முன்மாதிரியைக் கழிக்கக் கருதுவோர் அதன் எடையையும் விலையையும் மட்டும் எண்ணுதல் போதாது. அதைப்போன்ற வேறொன்று எஞ்சியுள்ளதா, அதனிடம் கற்க வேண்டியது யாவும் கற்கப்பட்டதா, கற்றது பதியப்பட்டதா என்று ஆராய வேண்டும். காக்கத் துணிந்தபின், அதற்கு ஒரு கூரையும், அக்கூரையைப் பேணும் கையும் வேண்டும்.

ஹன்ட்ஸ்வில் கூடத்தில் நூறு மீட்டருக்கும் மேலாக நீண்டு கிடக்கும் அந்த முன்மாதிரியின் அருகே நாள்தோறும் மாணவர்கள் நடந்து செல்கின்றனர். அது சந்திரனைக் கண்டதில்லை, வானையும் தொட்டதில்லை. ஆயினும், தன்மேல் ஏற்றப்பட்ட அதிர்வுகளையெல்லாம் தாங்கி, தன் குறையைக் காட்டி, பிறர் குறையின்றிச் செல்ல வழி செய்தது. முன் நின்று புகழ் பெற்றவரை உலகம் எளிதில் அறிகிறது. பின் நின்று வழி செய்தவரை மறவாதிருப்பதே நன்றியுணர்வு உடையோர் கடமையாகும்.